தீர்ப்பின்படி மூன்று நாள்

மகளிர் தினத்தை எப்படிக் கொண்டாடுவது என்று தேயிலைத் தோட்டத்து மூன்றாம் டிவிஷன் கோயில் கமிட்டி கூடி ஆலோசித்தது. கமிட்டியில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஆண்கள். ஆகவே முடிவு சீக்கிரம் வந்தது: பட்டிமன்றம் வைப்பது, பெண்கள் சமைப்பது.

தலைப்பை ரெங்கசாமியே தேர்ந்தெடுத்தார். தோட்டத்து ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது கோயில் தலைவர். 'மலைநாட்டு நாவலர்', 'செந்தமிழ்ச் சுடர்' என்று இரண்டு பட்டங்கள் அவருக்கு உண்டு. இரண்டையும் கொடுத்தது கோயில் கமிட்டி. கொடுத்த வருஷங்களில் கமிட்டிக்குத் தலைவர் யார் என்று கேட்பது நாகரிகமில்லை. அவர் எழுதிக் கொடுத்த தலைப்பு: 'தோட்டக் கங்காணியாகும் தகுதி பெண்ணுக்கு உண்டா, இல்லையா?' நடுவர் யார் என்பதையும் கேட்க வேண்டியதில்லை.

தலைப்பு வானத்திலிருந்து விழவில்லை. எட்டு மாதத்துக்கு முன் பழைய கங்காணி மாடசாமி வாதம் வந்து படுத்துவிட்டார். மறுநாள் காலை ஆறரைக்குப் பெரட்டு எடுக்க ஆளில்லை. ஆட்களை ஆபீஸ் முன்னால் வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்தனுப்புகிற அந்தப் பெரட்டு நடக்காவிட்டால் தோட்டத்தில் ஒரு இலைகூட அசையாது. எல்லாரும் பனியில் கைகட்டி நின்றார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கொழுந்து வெட்டிய அன்பரசி நோட்டை எடுத்தாள், பேரைக் கூப்பிட்டாள், லோரிகளை அனுப்பினாள். அன்றிலிருந்து அவள்தான் கங்காணி. ஆனால் ஆபீஸ் பாஷையில் 'ஆக்டிங்'. நடித்துக்கொண்டிருக்கிறாளாம். மழையில் நனைவதும் அட்டை கடிப்பதும் மட்டும் அசலாக நடந்தன.

ஏப்ரல் முதல் தேதி நிரந்தரக் கங்காணிக்குக் கடிதம் கொடுக்கப் போகிறார்கள். அன்பரசி மனுப் போட்டாள். ரெங்கசாமியின் தங்கை மகன் விமலனும் போட்டான். ஈப்போவில் கைபேசிக் கடையில் இருந்துவிட்டு மூன்று மாதத்துக்கு முன்தான் மலைக்குத் திரும்பியவன். நல்ல பையன். தேயிலைச் செடியையும் வேலியோரத்துச் செடியையும் தூரத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் குழம்புவான், அவ்வளவுதான்.

மருமகனுக்காக ரெங்கசாமி மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினார். பெண் ஏன் கங்காணியாகக் கூடாது என்பதற்கு ஐந்து காரணங்கள். ஒன்று, பெண்ணின் குரல் எட்டாது. இரண்டு, பெண்ணின் கால் மலைச்சரிவுக்கு ஏற்றதல்ல. மூன்று, பெண் உணர்ச்சிவசப்படுவாள். நான்கு, பெண்ணுக்கு முடிவெடுக்கும் திறன் குறைவு. ஐந்து, பெண்ணுக்குக் கீழே வேலை செய்தால் ஆணின் தன்மானம் புண்படும்.

மேனேஜர் யோகேந்திரன் கோலாலம்பூர்க்காரர், முப்பத்துமூன்று வயது. யார் மனமும் நோகக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு கொள்கை கிடையாது. கடிதத்தைப் படித்தார், அன்பரசியின் மனுவைப் படித்தார், இரண்டையும் ஒரே பைலில் வைத்தார். "மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்லா" என்றார். மக்களின் எண்ணத்தை மேனேஜருக்குக் காட்டத்தான் பட்டிமன்றம். சிறப்பு விருந்தினர் அவரே.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அன்பரசி வீட்டு வாசலில் கொழுந்து வெட்டும் கத்தரிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தபோது ரெங்கசாமி வந்தார். கூடவே அவருடைய ஜிப்பாவும் சந்தன வாசமும் வந்தன.

"அம்மா அன்பரசி, நம் தோட்டத்தின் நாவன்மை மிக்க பெண்மணி நீதான். பட்டிமன்றத்தில் நீ பேசியே ஆக வேண்டும்."

"பேசிருவோம் ஐயா. 'உண்டு'ங்கிற பக்கந்தானே?"

"அங்கேதான் ஒரு சிறு நுட்பம்." ரெங்கசாமி குரலைத் தாழ்த்தினார். "'உண்டு' அணிக்குப் பாலர் பள்ளி ஆசிரியை ரூபினியைப் போட்டுவிட்டேன். உனக்கு 'இல்லை' அணி."

அன்பரசியின் கை நின்றது. "நான் கங்காணி ஆகக்கூடாதுன்னு நானே மேடையேறிப் பேசணுமா?"

"பட்டிமன்ற மரபு அம்மா. நடுவர் கொடுக்கும் அணியில் பேசுவதுதான் பேச்சாளருக்கு அழகு. விருப்பமில்லையென்றால் சொல். 'அன்பரசி உணர்ச்சிவசப்பட்டு மறுத்துவிட்டார்' என்று மேனேஜரிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்."

மூன்றாம் காரணம் ஜிப்பா போட்டு வாசலில் நிற்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மறுத்தால் அது நிரூபணம். பேசினால் அவள் வாயே சாட்சி. முப்பத்தொரு வருஷக் கிராணி மூளை வீண் போகவில்லை.

"சரிங்க ஐயா. பேசுறேன். ஐயா எழுதுன அஞ்சு காரணத்தையும் ஒரு எழுத்து விடாம பேசுறேன். அந்தக் கடுதாசிய மட்டும் ஒரு காப்பி குடுங்க."

ரெங்கசாமி அகமகிழ்ந்து போனார். மறுநாளே காப்பி வந்தது. கையெழுத்தும் இரண்டு பட்டங்களும் அதில் இருந்தன.

கியா பார்மில் காய்கறி லோரி ஓட்டும் அவள் புருஷன் ஹரிதாஸ் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "இத மேடையில சிரிக்காம பேச முடியுமா ஒன்னால?"

"அவரால சிரிக்காம எழுத முடிஞ்சிருக்கில்ல?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தோட்ட மண்டபம் நிறைந்திருந்தது. தோட்டத்து ஆண்கள் முன்வரிசையில். தோட்ட வேலைக்கு வந்த வங்காளதேசத்துப் பையன்கள் பின்வரிசையில், பிரியாணி வாசனை வருகிற பக்கமாக. பெண்கள் பாதிப்பேர் சமையல் கொட்டகைக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கையில் கரண்டியோடு. மகளிர் தினம் அல்லவா.

ரெங்கசாமி முன்னுரை மட்டும் நாற்பது நிமிடம் பேசினார். பெண்மையைக் கடலுக்கும் நிலவுக்கும் பூமிக்கும் ஒப்பிட்டார். கங்காணிக்கு மட்டும் ஒப்பிடவில்லை. பிறகு அன்பரசியை அழைத்தார்.

"நடுவர் அவர்களே, கோயில் தலைவர் அவர்களே, மலைநாட்டு நாவலர் அவர்களே, செந்தமிழ்ச் சுடர் அவர்களே" என்று நால்வரை விளித்து, நான்கு தடவையும் ஒரே ஆளைப் பார்த்துக் கும்பிட்டாள். அவரும் நான்கு தடவை தலையசைத்து ஏற்றுக்கொண்டார். கொட்டகைப் பக்கம் ஒரு கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"பொம்பள கங்காணி ஆகக்கூடாது. இதுதான் என் கட்சி. ஐயா அஞ்சு காரணம் எழுதிருக்காரு. அஞ்சையும் நான் ஒத்துக்கிறேன். மொதல்ல மலை. பொம்பள காலு மலைச்சரிவுக்கு ஆகாது. உண்மை. நான் இருபத்திரண்டு வருஷமா எட்டாம் நம்பர் மலையில கத்தரியும் சாக்குமா ஏறி எறங்குறேன். எப்படி ஏறுனேன்னு எனக்கே தெரியல, தப்பு நடந்துபோச்சி. முதுகுல முப்பது கிலோ கொழுந்து இருந்தா இந்தக் காலு ஏறிடுது. ஆனா கையில ஒரு நோட்டும் பேனாவும் குடுத்து ஏறச் சொன்னா வழுக்குதாம். நோட்டு அவ்வளவு கனம்!"

முன்வரிசையில் கொழுந்து வெட்டும் ராஜு சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று திரும்பிப் பார்த்தான். லோரி ஓட்டும் தர்மா அதற்குள் சிரித்திருந்தான்.

"அடுத்து, பொம்பள உணர்ச்சிவசப்படுவா. ஆம்பள மாட்டான். போன வருஷம் பந்து மேட்ச்சுல நம்ம டீம் தோத்தப்போ மறுநாள் ஏழு ஆம்பளைங்க வேலைக்கே வரல. ஒருத்தரு ரிமோட்டத் தூக்கி டிவிய அடிச்சாரு. பேரு சொல்ல மாட்டேன், தர்மா கோவிச்சுக்குவாரு. இது உணர்ச்சியா? சேச்சே. இதுக்குத் தமிழ்ல வேற பேரு இருக்கு. என்ன ஐயா அது?"

நடுவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் தமிழில் சந்தேகம் கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. "விளையாட்டு ஆர்வம்" என்றார்.

"ஆங், விளையாட்டு ஆர்வம்! போன திருவிழாவுல முன்வரிச நாக்காலிக்கு ரெண்டு கமிட்டி மெம்பருங்க சட்டையப் புடிச்சுக்கிட்டாங்களே, அதுக்கு ஐயா?"

"அது... கொள்கை வேறுபாடு."

மண்டபம் வெடித்தது. மேனேஜர் யோகேந்திரன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். யார் மனமும் நோகக்கூடாதே.

"முடிவெடுக்குற விஷயம். எங்க வீட்டுக்காரரு தானா ராத்தா டவுனுல சட்ட எடுக்கப் போனா கடையில நின்னு போன் அடிப்பாரு. 'ப்ளூவா, கருப்பா?' நான் ப்ளூன்னு சொல்லுவேன். அதுக்கப்பறம் தீர யோசிச்சு ப்ளூன்னு முடிவெடுப்பாரு. முடிவு அவரோடது. நம்மளால ஆகுமா அது?"

இப்போது சிரிப்பு பெண்கள் பக்கமிருந்து அலையாக வந்தது. ஹரிதாஸ் போட்டிருந்த நீலச் சட்டையை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்து நின்று கும்பிட்டான்.

"மிச்சம் ரெண்டு. பொம்பள கொரல் எட்டாது. பொம்பளைக்குக் கீழ வேல செஞ்சா ஆம்பள தன்மானம் புண்படும். இத வாயால சொன்னாப் போதாது, நிரூபிக்கணும்." அன்பரசி மைக்கை அணைத்துக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள். காலை ஆறரைக் குரலில் கூப்பிட்டாள்.

"ராஜு!"

"இருக்கேன் கங்காணி!" ராஜு எழுந்தே நின்றுவிட்டான்.

"தர்மா!"

"வந்துட்டேன் கங்காணி!"

"ரபீக்!"

"யெஸ் கங்காணி!" பின்வரிசையில் வங்காளதேசத்துப் பையன் ஒருவன், பட்டிமன்றத்தில் தனக்குப் புரிந்த ஒரே பகுதி வந்துவிட்ட மகிழ்ச்சியில் கையை உயர்த்தினான்.

"விமலன்!"

மேடை ஓரத்தில் மாலைத் தட்டோடு நின்ற விமலன் மாமாவைப் பார்த்தான். ஆனால் எட்டு மாதத்தில் மூன்று மாதம் அவனும் பனியில் நின்றவன். மூளை யோசிப்பதற்குள் வாய் பேசிவிட்டது. "இருக்கேன் கங்காணி!"

அன்பரசி நடுவர் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா ஐயா, எவ்வளவு வேதனையோட பதில் சொல்றாங்க. பொம்பள கொரல் பின்னால சமையக்கட்டு வரைக்கும் எட்டவே இல்ல. ஆகவே பொம்பள கங்காணி ஆகக்கூடாதுன்னு சொல்லி முடிச்சுக்கிறேன்."

கைத்தட்டல் ஓய ஐந்து நிமிடம் பிடித்தது. ரூபினி டீச்சர் எழுந்தாள். "என் பேச்சையும் அக்காவே பேசிட்டாங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

ரெங்கசாமியின் முகம் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது, பிறகு மெல்ல மெல்ல மலர்ந்தது.

"சபையோரே! அன்பரசி அம்மையார் ஐந்து காரணங்களையும் ஐயந்திரிபற நிறுவினார். எதிரணியோ பேசவேயில்லை. ஆகவே, பெண்ணுக்குத் தகுதி இல்லை என்ற அணியே வென்றது என்று தீர்ப்பளிக்கிறேன். சிறந்த பேச்சாளருக்குப் பரிசு!"

பரிசு ஒரு சுடுநீர்க் குடுவை. அன்பரசி வாங்கிக்கொண்டாள். மண்டபத்தில் சிரிப்பு வடிந்துபோய், யாரோ ஒருவர் இருமினார். பிறகு, சாப்பாடு தயார் என்று குரல் வந்தது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

ஏப்ரல் முதல் தேதி ஆபீஸ் பலகையில் கடிதம் ஒட்டியிருந்தது. 'மக்கள் மன்றத்தில் நடந்த விவாதத்தின் தீர்ப்பைக் கருத்திற்கொண்டு' விமலன் கங்காணியாக நியமிக்கப்பட்டிருந்தான். கீழே யோகேந்திரனின் கையெழுத்து.

அன்பரசி அதை இரண்டு தடவை படித்தாள். அழவில்லை. அழுதால் மூன்றாம் காரணம். ஊரே சிரித்ததே, தனக்காகத்தானே சிரித்தது? சிரித்தவர்களில் ஒருவன்கூட ஆபீஸ் படியேறி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. கோமாளிக்குக் கிடைக்கிற சம்பளம் கைத்தட்டல். அதை வைத்து வீட்டில் உலை கொதிக்காது.

பக்கத்தில் நின்ற இராசம்மா, ஐம்பத்தாறு வயதில் தோட்டத்திலேயே அதிகக் கொழுந்து வெட்டுகிறவள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "என்னடி எழுதிருக்கு?"

"பொம்பளைக்கு ஆகாதுன்னு தீர்ப்பாம்."

"கங்காணி வேலைக்குத்தானே?"

அன்பரசி பதில் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே நின்றாள். கடிதத்தை மறுபடி பார்த்தாள். "அதான் இல்ல அக்கா. கொரல் எட்டாதுன்னா எங்கயுமே எட்டாது. காலு வழுக்கும்னா நோட்டு வச்சிருந்தா மட்டுமா வழுக்கும்? தீர்ப்புன்னா முழுசா இருக்கணும். கொழுந்து வெட்டுற பொம்பளைங்க நம்ம பதினோரு பேரும் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோமா?"

இராசம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் வெற்றிலைச் சிவப்போடு சிரித்தாள். "கட்டுப்படாம? பெரியவங்க சொன்னா கேக்கணும்லா!"

முதல் நாள் பெரட்டு. விமலன் புது நோட்டோடு நின்றான். "இராசம்மா!"

இராசம்மாவின் உதடு அசைந்தது.

"இராசம்மா அத்த! வந்திருக்கீங்களா இல்லியா?"

உதடு மறுபடி அசைந்தது. பக்கத்தில் நின்றவள் விமலன் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள். "இருக்காங்க தம்பி. பொம்பள கொரல் எட்டாதுல்ல? ஒண்ணாம் காரணம்."

பதினோரு பேருக்கும் அவன் நடந்து போய்க் காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. லோரி இருபத்தைந்து நிமிடம் தாமதம்.

எட்டாம் நம்பர் மலை அடிவாரத்தில் பெண்கள் இறங்கி, ரோட்டோரத்துச் சமதரையில் வரிசையாக நின்றார்கள். சமதரையில் இருந்தது இரண்டு நிரைச் செடி.

"அத்த, மேல ஏறுங்க."

"ரெண்டாம் காரணம், தம்பி."

அந்த இரண்டு நிரையையாவது வெட்டுவார்கள் என்று விமலன் எதிர்பார்த்தான். வெட்டினார்கள். ஆனால் முடிவெடுக்கும் திறன் குறைவாயிற்றே. "தம்பி, இது வெட்டலாமா?" "கங்காணித் தம்பி, இது கொழுந்தா, முத்தலா?" "இந்தப் பக்கத்துலேர்ந்து வெட்டவா, அந்தப் பக்கத்துலேர்ந்தா?" பதினோரு வாய், ஒவ்வொரு செடிக்கும் ஒரு கேள்வி. விமலன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடினான். கேள்விக்கு விடை அவனுக்கும் தெரியவில்லை. கடைசியில் அன்பரசியிடமே வந்து, "அக்கா, இது கொழுந்துதானே?" என்று கேட்டான்.

"நீங்கதான் தம்பி சொல்லணும்" என்றாள் அன்பரசி, மிகுந்த அடக்கத்தோடு.

மத்தியானம் நிறுவையில் தர்மாதான் சாக்குகளை ஏற்றினான். ஆண்களிலேயே மெதுவாக வெட்டுகிறவன் ராஜு. அவனுடைய எடையைக் கேட்டுக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவரும் அதைவிட இரண்டு கிலோ குறைவாகக் கொண்டுவந்திருந்தார்கள். "ஆம்பளைய மிஞ்சினா தன்மானம் புண்பட்டுரும்" என்று இராசம்மா விளக்கினாள். இருபது வருஷமாக மிஞ்சிக்கொண்டிருந்தது அன்றுதான் எல்லாருக்கும் உறைத்தது. ராஜு தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "அத்த, நாளைக்கு நானும் கொறச்சே வெட்டுறேன்" என்றான்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை விமலனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எட்டாத குரல்களோடு இரண்டு நாள் போராடியதில் அவன் குரலே போய்விட்டது. தொழிற்சாலையில் மிஷின் பாதி நேரம் சும்மா நின்றது. எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து விரல் நீளம் தாண்டி வளர்ந்து, வெளிர்ப் பச்சையாக வெயிலில் மின்னியது.

அன்று பத்து மணிக்கு மேனேஜரின் ஹைலக்ஸ் வண்டி மலையடிவாரத்தில் வந்து நின்றது. யோகேந்திரனோடு ரெங்கசாமியும் இறங்கினார். ஜிப்பா மட்டும் அதேதான். சந்தனத்தை அந்த அவசரத்தில் மறந்திருந்தார்.

"அக்கா, என்னக்கா இது?" யோகேந்திரன் கிட்டத்தட்ட அழுதார். "தலைமை ஆபீஸ்லேர்ந்து போன் மேல போன். இது ஸ்ட்ரைக்கா?"

"ஐயோ, இல்ல துரை. ஸ்ட்ரைக்குன்னா சொல்பேச்சு கேக்காம இருக்கிறது. நாங்க சொல்பேச்சு கேட்டுட்டு இருக்கோம்." அன்பரசி இடுப்பிலிருந்து கடித நகலை எடுத்தாள். "அஞ்சு காரணம். ஐயா கையெழுத்து. தீர்ப்பும் ஐயாது. பொம்பளைக்கு எது எது வராதுன்னு போட்டிருக்கோ, அது அது வராம பாத்துக்கிறோம்."

ரெங்கசாமி தொண்டையைக் கனைத்தார். "அம்மா, நீ விளங்கிக்கொள்ள வேண்டும். அது மேடைப் பேச்சு. சுவைக்காகச் சொல்லப்பட்டது. மேடையில் சொன்னதை மலையில் செயல்படுத்தலாமா? மேடைத் தீர்ப்பு மலைக்குச் செல்லாது."

அன்பரசி அவரைப் பார்த்துச் சொன்னாள், சத்தம் போடாமல், இந்த மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரிக்காமல்.

"செல்லாதுன்னா, அந்தத் தீர்ப்ப வச்சு இவனுக்கு வேலை எப்படி ஐயா குடுத்தீங்க?"

ரெங்கசாமி வாயைத் திறந்தார். இரண்டு பட்டங்களில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. யோகேந்திரனைப் பார்த்தார். யோகேந்திரன் தான் கையெழுத்துப் போட்ட கடிதத்தின் முதல் வரியை மனதுக்குள் படித்துக்கொண்டிருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"மாமா." விமலனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எனக்கு வேணாம் மாமா. கொழுந்து வெட்டுற மிஷின் வேல குடுங்க, செய்யறேன். இவங்கள எல்லாம் என்னால முடியாது. அக்காவுக்கே குடுத்துருங்க."

"நீ சும்மா இருடா!"

"எங்க மாமா இருக்கிறது? மூணு நாளா ஓடிட்டே இருக்கேன்."

யோகேந்திரனுக்கு வழி கிடைத்துவிட்டது. முகம் தெளிந்தது. "ஓகே அக்கா, பிரச்சின முடிஞ்சிச்சி. நீங்க மறுபடியும் ஆக்டிங்கா எடுத்துக்குங்க. மூணு மாசம் பாப்போம். அப்பறம் கடிதம். எல்லாருக்கும் சந்தோஷம், ஓகேலா?"

பெண்கள் அன்பரசியைப் பார்த்தார்கள். அவளுக்குக் கால் வலித்தது. மேலே விரல் நீளக் கொழுந்து காத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. இப்போது தலையசைத்தால் ஐந்து நிமிடத்தில் மேலே இருக்கலாம். எட்டு மாதமும் அப்படித்தான் தலையசைத்தாள்.

"விமலனுக்கு எத்தன மாசம் பாத்தீங்க துரை?"

"என்ன அக்கா?"

"கடுதாசி குடுக்குறதுக்கு முன்னால. ஒரு மாசமா, ரெண்டு மாசமா?"

யோகேந்திரன் ரெங்கசாமியைப் பார்த்தார்.

"அத்தன மாசமே எனக்கும் பாருங்க" என்றாள் அன்பரசி. காலிச் சாக்கு ஒன்றை விரித்து, ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். இராசம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்ற ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள். சற்றுத் தள்ளி நின்ற ராஜு ஒரு நிமிடம் தயங்கினான். பிறகு அவனும் ஒரு சாக்கை விரித்தான். அவனைப் பார்த்து ரபீக்கும் அவன் கூட்டாளிகளும் உட்கார்ந்தார்கள். தர்மா லோரி எஞ்சினை அணைத்தான்.

"நீ எதுக்குடா?" என்றார் ரெங்கசாமி.

"விளையாட்டு ஆர்வம் ஐயா" என்றான் தர்மா.

யோகேந்திரன் மலையைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார். அது மறுபடியும் அடித்தது. எடுக்காமல் வண்டியில் ஏறினார். நாற்பது நிமிடம் கழித்து ஆபீசிலிருந்து திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. அதில் 'மக்கள் மன்றம்' இல்லை, 'தீர்ப்பு' இல்லை, 'ஆக்டிங்' இல்லை. இன்றைய தேதி முதல் கங்காணி, அவ்வளவுதான். அன்பரசி உட்கார்ந்தபடியே ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பேனா வாங்கிச் சேர்த்தாள். பக்கத்தில் யோகேந்திரனைச் சின்னக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார்.

எழுந்து சேலையை உதறி, மேலே போட்டிருந்த ஆண்சட்டையின் பையில் தாளை மடித்து வைத்தாள்.

"இந்த நன்னாளில் வாழ்த்துரையாக ஓரிரு சொற்கள்..." என்று ரெங்கசாமி முன்னால் வந்தார். தோற்ற கூட்டத்திலும் மைக்கைத் தேடுகிற அந்தத் துணிச்சலை அன்பரசி மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

"ஐயா, வேல நேரம். பேசுறதுன்னா அந்த ஓரமா நின்னு பேசுங்க, லோரி திரும்பணும்." அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ராஜு, விமலன், ரெண்டு பேரும் வெட்டு மிஷினத் தூக்குங்க, கீழ் வளைவுல ஆரம்பிங்க. இராசம்மாக்கா, நீங்க மேல் நிரை. மூணு நாளு விட்டது, முத்தல் இருக்கும், பாத்து வெட்டுங்க. பனி எறங்குறதுக்குள்ள பாதி மலை முடியணும்."

கூட்டம் மேலேறியது. கீழே ரோட்டோரத்தில் ரெங்கசாமி "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கியிருந்தார். தாய்மார்கள் ஐம்பதடி மேலே இருந்தார்கள்.